சக்கர வீட்டின் இரண்டு கொடிகள்

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே வரிசை வீடுகளுக்கு நாங்கள் திரும்பி வந்த முதல் வாரத்திலேயே பக்கத்து வீட்டுக்காரி கேட்டுவிட்டாள்.

"ஏன்க்கா, மெய்யாலுமே வேகன்லயா குடியிருந்தீங்க? மாடு ஏத்துற வேகனா?"

"சரக்கு ஏத்துறது."

"அண்ணனுக்கு வூடு குடுக்க மாட்டேன்னுட்டாங்களா?"

கொடுத்திருந்தார்கள். இதே வரிசையில், இப்போதிருக்கும் வீட்டிலிருந்து மூன்று கதவு தள்ளி. வேண்டாம் என்றவள் நான். அதை அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. அரிசி களைய வேண்டும் என்று உள்ளே வந்துவிட்டேன். வேகனில் அது நடந்து ஒரு வருடம் ஆகிறது. இன்னும் பின்பக்கத்து யார்டில் வண்டிகள் ஒன்றையொன்று முட்டும் சத்தம் கேட்டால், கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுகிறேன்.

என் கணவர் தண்டவாள ஓவர்சியர். கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் வழியாகத் துறைமுகம் போகும் பாதையில், எங்கே கரை சரிகிறதோ, எங்கே கட்டை உளுக்கிறதோ, அங்கே அவருடைய ஆட்களோடு போய்த் தங்கி வேலையை முடிக்க வேண்டும். ஓர் இடத்தில் ஒரு மாதம், இன்னோர் இடத்தில் மூன்று மாதம். அதற்காக ரயில்வே அவருக்கு ஒரு பழைய வேகனைக் கொடுத்திருந்தது. மற்ற ஓவர்சியர்களின் குடும்பங்கள் பிரிக்ஃபீல்ட்ஸில் இருந்தன. நானும் அப்படித்தான் பதினோரு வருடம் இருந்தேன். அந்த வீட்டின் உள்ளறையில் எனக்கு இரண்டு குழந்தைகள் காய்ச்சலில் போயின. இரண்டும் ஒரே அறையில், ஒரே மூலையில். முதல் முறை அவர் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. இரண்டாவது முறை வந்துவிட்டார். வந்தும் ஒன்றும் ஆகவில்லை.

மூன்றாவது இவள், என் மகள். எனக்கு முப்பத்தாறு வயதில் பிறந்தவள். இவளுக்கு ஐந்து வயது முடிந்தபோது ஒரு நாள் மூக்கு ஒழுகியது. வெறும் சளி. நான் அவளைத் தூக்கிக்கொண்டு உள்ளறைக்குப் போகாமல் முன்வாசலிலேயே மூன்று நாள் உட்கார்ந்திருந்தேன். அவர் வந்ததும் சொன்னேன், நாங்களும் உங்களோடு வருகிறோம் என்று.

"அது வேகனுடி. ஒரு எடத்துல நிக்காது."

"நிக்காததுதான் வேணும்."

நாகப்பட்டினத்து மிஷன் பள்ளியில் எட்டாவது வரை படித்தவள் நான். நோய் கிருமியால் வருகிறது என்று பாடத்திலேயே படித்திருக்கிறேன். ஆனாலும் ஒரே இடத்தில் நிற்கும் வீட்டை அது தேடி வந்துவிடுகிறது, நகரும் வீட்டுக்கு வழி தெரியாது என்று எனக்குள் ஒரு எண்ணம். யாரிடமும் சொன்னதில்லை. அவர் துரையிடம் கேட்டு, வாய்மொழியாக ஒரு சம்மதம் வாங்கி வந்தார்.

அந்த வேகனுக்குள் குறுக்கே ஒரு பலகைத் தடுப்பு. தடுப்புக்கு இந்தப் பக்கம் கட்டில், டிரங்குப் பெட்டி, சுவாமி படம். அந்தப் பக்கம் பாய்களும் பாத்திரங்களும். சுவரை வெட்டி இரண்டு ஜன்னல் வைத்திருந்தார்கள். கதவு ஒரு பக்கம்தான், அதன் கீழே ஒரு மரப்படி. அடுப்பை உள்ளே மூட்டக்கூடாது. அதனால் ஒவ்வொரு இடத்திலும் வேகனை நிறுத்தியதும் ஆட்கள் கதவுப் பக்கமாக நாலு கழி நட்டு, தகரம் போட்டு, ஒரு சமையல் கொட்டகை கட்டித் தருவார்கள். போகும்போது பிரித்து எடுத்துக்கொள்வோம். படியில் தினமும் கோலம் போட்டால் மழை அழித்துவிடுகிறது என்று நான் சொல்லப்போக, ஆட்களில் மூத்தவர் ஒருவர், தண்டவாளத்தில் குறி போடுகிற வெள்ளைப் பெயிண்டைக் கொண்டுவந்து கொடுத்தார். அதனால் எங்கள் கோலம் மட்டும் எங்கள் கூடவே பயணம் செய்தது.

அந்த மூத்தவருக்கு இன்னொரு வேலை உண்டு. வேகனை சைடிங் என்னும் பக்கத் தண்டவாளத்தில் விட்டு எஞ்சின் கழன்றதும், அதன் இரண்டு முனையிலும் ஒரு சிவப்புக் கொடியைச் செருகுவார். உள்ளே ஆள் இருக்கிறது, தொடாதே என்று அர்த்தம். கொடி இருக்கும் வண்டியை எந்த எஞ்சினும் முட்டாது, மாட்டாது, இழுக்காது. அதைச் செருகியவரே எடுக்க வேண்டும் என்பது சட்டம்.

முதல் நாளே என்னிடம் சொல்லிவிட்டார். "வச்ச கைதாம்மா எடுக்கணும். தொரையே வந்து எடுத்தாலும் தப்புத்தான். எம் பொஞ்சாதி நகைப் பெட்டிக்குக்கூட நான் இவ்வளவு காவல் இருந்ததில்ல."

"நகை இருக்கா அவங்களுக்கு?" என்று என் கணவர் கேட்டார்.

"பெட்டி இருக்குங்க."

வீடு நகரும் நாட்களில் எங்களுக்கு ஒரு முறை இருந்தது. கொடியை எடுக்க அவர் வந்ததும் நானும் மகளும் வேலையைத் தொடங்குவோம். தொங்கும் விளக்கைக் கழற்றித் தரையில் வைப்போம். பாத்திரங்களை எல்லாம் இறக்குவோம். சுவாமி படத்தைப் பாயின் மேல் குப்புறப் படுக்க வைப்போம். பிறகு இருவரும் கட்டிலுக்கும் பெட்டிக்கும் நடுவே, முதுகைப் பலகையில் சாய்த்து உட்கார்ந்துகொள்வோம். எஞ்சின் வந்து முட்டும்போது என் கையை இறுக்கிப் பிடிப்பாள். வண்டி ஓடத் தொடங்கியதும் பிடி தளரும். ஒவ்வொரு முறையும் அதே கேள்வி.

"ஊடு போறப்ப நீ எறங்கிட மாட்டியே?"

"ஊடு போறப்ப எறங்குனா நான் எங்க போவேன்?"

அந்த வேகனில் ஒன்றேகால் வருடம் இருந்தோம். மகளுக்கு ஒரு காய்ச்சலும் வரவில்லை. எனக்குத்தான் பேச்சு மறந்துபோயிற்று. காலையில் அவரும் ஆட்களும் தண்டவாளத்தில் ஓடும் தள்ளுவண்டியில் ஏறிப் போனால், இருட்டும் நேரத்தில்தான் வருவார்கள். ஒரு பக்கம் ரப்பர்த் தோட்டம், இன்னொரு பக்கம் சேறு. பக்கத்துக் கம்பத்து, அதாவது மலாய்க் கிராமத்து, பெண்கள் சிலர் தண்டவாளத்தின் ஓரமாக நடந்து போவார்கள், சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். எனக்குத் தெரிந்த மலாய் அதற்கு மேல் போகாது. ஒரு நாளில் நாலு ரயில் கடக்கும். ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் முகங்களைப் பார்ப்பேன். அவர்கள் என் வீட்டைப் பார்ப்பார்கள். எந்த முகத்தையும் இரண்டாம் முறை பார்த்ததில்லை. சில நாள் மகளிடம் பேசியது தவிர ஒரு வார்த்தையும் பேசாமல் பொழுது சாய்ந்திருக்கும். அதை நான் குறையாகச் சொல்லவில்லை. அவள் மூச்சு சீராக இருந்தது. எனக்கு அது போதும் என்று இருந்தேன்.

கிள்ளானுக்கு முன்னால் ஒரு சிறிய ஸ்டேஷன். அதற்கு அரை மைல் இப்பால் ஒரு பக்கத் தண்டவாளம். அங்கே எங்களை விட்டிருந்தார்கள். எங்கள் வேகனுக்கு முன்னால், கல் இறக்கிய ஏழெட்டுக் காலி வண்டிகளும் நின்றன. மழைக்காலம். கிழக்கே ஒரு வளைவில் கரை சரிந்திருந்ததால் ஆட்கள் எல்லாரும், அந்த மூத்தவர் உட்பட, விடியும் முன்பே போய்விட்டார்கள்.

அன்று காலை மகளுக்கு உடம்பு சுட்டது.

தொட்டுப் பார்த்தேன், மறுபடி தொட்டுப் பார்த்தேன். ஜன்னல்களை அடைத்து, போர்த்திப் படுக்க வைத்தேன். வெளியே வந்து நின்றேன். ஏதாவது செய்தாக வேண்டும் போலிருந்தது. அப்போதுதான் அந்தக் கொடியைப் பார்த்தேன். எஞ்சின் கரியும் எண்ணெயும் மழையும் சேர்ந்து அது சிவப்பாகவே இல்லை, கரித்துணி மாதிரி தொங்கியது. மறு முனையில் போய்ப் பார்த்தேன். அதுவும் அப்படியே. இதை எந்த எஞ்சின் டிரைவர் பார்க்கப் போகிறான்? உள்ளே என் பிள்ளை காய்ச்சலோடு படுத்திருக்கிறாள், இதுதான் எனக்குக் காவலா என்று தோன்றிவிட்டது.

இரண்டையும் உருவினேன். சோப்புப் போட்டு, கல்லில் அடித்து, நாலு தண்ணீர் அலசினேன். நல்ல சிவப்பு வந்தது. கொட்டகையிலிருந்து மரத்துக்குக் கட்டியிருந்த துணிக்கயிற்றில் காயப் போட்டேன். சரக்கு வண்டி பிற்பகலில்தான் வரும். அதற்குள் காய்ந்துவிடும், செருகிவிடலாம். மூத்தவர் சொன்னது நினைவில் இல்லை என்று சொல்ல மாட்டேன். நினைவில் இருந்தது. அழுக்கைப் போக்குவது எடுப்பதாகாது என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டில் சுக்கு இல்லை. கம்பத்து முனையில் ஒரு சீனர் கடை உண்டு, போய்வர அரைமணி நேரம். மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். விழித்தால் அம்மாவைத் தேடித் தண்டவாளத்தில் இறங்கிவிடுவாளே என்று கதவை இழுத்து வெளியே கொண்டி போட்டேன். கடைக்காரர் சுக்கை நிறுத்துக்கொண்டிருக்கும்போது எஞ்சின் ஊதும் சத்தம் கேட்டது. ரயில் போகும் பாதைதானே என்று நினைத்தேன். பாக்கெட்டைக் கட்டிய நூலின் முடிச்சு சரியில்லை என்று மறுபடி கட்டச் சொன்னது நன்றாக நினைவிருக்கிறது.

திரும்பி வந்தேன். கொட்டகை இருந்தது. அடுப்பில் தணல் இருந்தது. கஞ்சிப் பானை இருந்தது. கயிற்றில் இரண்டு சிவப்புத் துணிகள் காற்றில் ஆடின. அவற்றுக்குப் பின்னால், எங்கள் வீடு இருந்த இடத்தில், ரப்பர் மரங்கள் தெரிந்தன.

ஸ்டேஷனுக்கு எப்படி ஓடினேன் என்று தெரியாது. ஸ்டேஷன் மாஸ்டர் யாழ்ப்பாணத்துக்காரர், கண்ணாடி போட்ட பெரியவர். நான் சொன்னதை முதலில் அவர் புரிந்துகொள்ளவில்லை.

"வீடு போயிட்டுதோ? எந்த வீடு, தங்கச்சி?"

"வேகன். ஓவர்சியர் வேகன். பிள்ள உள்ள இருக்கு."

அவர் எழுந்துவிட்டார். "பிள்ளை உள்ளுக்கையோ? தனியவோ? வண்டி நம்பரைச் சொல்லுங்கோ."

எனக்குத் தெரியவில்லை. ஒன்றேகால் வருடம் குடியிருந்த வீட்டின் எண், அதன் பக்கவாட்டில் பெரிய எழுத்தில் எழுதியிருக்கும் எண், எட்டாவது வரை படித்தவளுக்குத் தெரியவில்லை. ஒரு நாளும் அதைப் பார்க்கத் தோன்றியதில்லை.

"படியில கோலம் போட்டிருக்கும்" என்றேன்.

அவர் டெலிபோனைச் சுழற்றினார். கிள்ளானைக் கேட்டார். வண்டி கிள்ளானில் நிற்காமல் துறைமுகத்துக்குப் போய்விட்டது என்றார்கள். துறைமுகத்தைக் கேட்டார். இன்னும் வந்து சேரவில்லை. "கோலம் போட்ட படி, ஓம், கோலம்" என்று அவர் இரண்டு தடவை உரக்கச் சொன்னார்.

பிறகு என்னிடம் திரும்பினார். "கதவு?"

"வெளியே கொண்டி போட்டிருக்கு."

"அப்ப நல்லது. பிள்ளையால இறங்கேலாது. இப்ப அழுது என்ன செய்யிறது? அடுத்த பாசெஞ்சர் வண்டி முக்கால் மணித்தியாலத்திலை வரும். அதிலை போங்கோ."

அந்த முக்கால் மணி நேரம் பிளாட்பாரத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அவர் தேநீர் கொண்டுவந்து வைத்தார், ஆறியது. ஸ்டேஷனில் வேறு யாரும் இல்லை. நான் அவளை எதிலிருந்து காப்பாற்ற அந்த வேகனுக்குப் போனேனோ அதை நினைத்தேன். நோய்க்கு வழி தெரியக்கூடாது என்றுதானே நகரும் வீட்டைக் கேட்டேன். இப்போது எனக்கே வழி தெரியவில்லை. கையில் சுக்குப் பாக்கெட் இருந்தது. துறைமுகத்தில் இறங்கும்வரை அதை விடவில்லை.

துறைமுகத்து யார்டில் ஒரே நிறத்தில் நூற்றுக்கணக்கான வேகன்கள் நின்றன. அந்தச் சரக்கு வண்டியோடு வந்த, வண்டிகளை மாட்டிக் கழற்றும் ஷண்டிங் வேலை பார்க்கும் தமிழர் ஒருவர் என்னை அழைத்துக்கொண்டு வரிசைகளுக்கு நடுவே வேகமாக நடந்தார். நடக்க நடக்கப் பேசிக்கொண்டே வந்தார்.

"கொடி இல்லம்மா. நான்தான் மாட்டுனேன். ரெண்டு முனையும் பாத்தேன், சத்தியமா இல்ல. சைடிங்ல உள்ள காலி வண்டி அத்தனையும் காலையிலயே எடுத்தாரச் சொல்லிக் காயிதம். சன்னல் அடைச்சிருந்துச்சு. கதவு அந்தாண்ட பக்கம். ஒரு சத்தம் வரல, ஒரு சத்தம் வந்திருந்தா..."

குனிந்து படிகளையே பார்த்துக்கொண்டு நடந்தேன். மூன்றாவது வரிசையில், நடுவில், வெள்ளைக் கோலம்.

கொண்டியை அவர்தான் எடுத்தார்.

விளக்கு கழற்றித் தரையில் வைக்கப்பட்டிருந்தது. அதற்கு அவள் பெட்டியின் மேல் ஏறியிருக்க வேண்டும். பாத்திரங்கள் எல்லாம் கீழே இருந்தன. சுவாமி படம் பாயின் மேல் குப்புறக் கிடந்தது. கட்டிலுக்கும் பெட்டிக்கும் நடுவே, முதுகைப் பலகையில் சாய்த்து, போர்வையைச் சுற்றிக்கொண்டு என் மகள் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் எனக்கு இடம் விட்டிருந்தாள்.

நெற்றி ஈரமாக இருந்தது. சூடு இறங்கியிருந்தது. அழுத தடயம் இல்லை. என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"ஏம்மா எறங்குனே?"

அன்று மாலை என் கணவர் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தார். சேறு காய்ந்த கால்சட்டையோடு படியில் நின்று மகளைப் பார்த்தார், தூக்கினார், மறுபடி பார்த்தார். பிறகு சொன்னார், "அந்தாளத் தலமுழுகிட்டேன். கொடி வைக்காமப் போயிருக்கான். மூட்டையக் கட்டுன்னு சொல்லிட்டேன்."

ரப்பர் விலை விழுந்து, ரயில்வேயிலும் ஆட்களைக் குறைத்துக்கொண்டிருந்த காலம் அது. மூட்டையைக் கட்டு என்றால் இந்தியாவுக்குக் கப்பல் என்று அர்த்தம்.

"வச்சிருந்தார்" என்றேன்.

"யாரு சொன்னா?"

"நான்தான் எடுத்தேன். துவைக்க."

அவர் என்னைப் பார்த்தார். கோபமாக ஏதாவது சொல்வார் என்று நின்றேன். அவர் மகளைக் கீழே இறக்கிவிட்டு, "துவைக்க" என்றார். கேள்வியாகக் கூட இல்லை. பிறகு, "இத எழுதிக் குடுத்தா உன்ன வேகன்ல வச்சிருக்க விடமாட்டாங்க, தெரியும்ல" என்றார்.

தெரியும். அந்தப் படியில் நின்று எல்லாவற்றையும் ஒரு முறை யோசித்தேன். சொல்லாமல் இருந்தால் மூன்று பேரும் ஒரே கூரையின் கீழ் இருப்போம். சொன்னால் நானும் மகளும் அந்த வரிசை வீட்டுக்குத் திரும்ப வேண்டும். மூத்தவரின் முகம் நினைவுக்கு வந்தது. பெயிண்ட் டப்பாவைப் பின்னால் மறைத்துப் பிடித்துக்கொண்டு வந்தாரே, அந்த முகம்.

"எழுதுங்க" என்றேன்.

மூத்தவரை வைத்துக்கொண்டார்கள். நாங்கள் புறப்பட்ட அன்று சாமான்களை ஏற்ற அவர் வந்தார். இரண்டு கொடிகளையும் கையில் மடித்து வைத்திருந்தார். "ரயில்வேல புதுசு குடுத்தாக்கூட இந்தச் செவப்பு வராதும்மா" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். "அடுத்த தபா சொல்லுங்க, நானே துவைச்சிக்கிறேன்" என்று சிரிக்கப் பார்த்தார். அடுத்த தபா என்று ஒன்று இல்லை என்பது அவருக்கும் தெரியும்.

இப்போது இங்கே இருக்கிறோம். சனிக்கிழமைகளில், வேலை விட்டால், என் கணவர் வருகிறார். பழைய வீட்டைத் தாண்டித்தான் குழாயடிக்குப் போக வேண்டும். அங்கே இப்போது ஒரு கிளார்க் குடும்பம் இருக்கிறது, குழந்தைகள் உண்டு, நன்றாக இருக்கிறார்கள். நான் குடத்தை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டு கடந்துவிடுவேன். பேச ஆட்கள் இருக்கிறார்கள், எனக்குத்தான் பேச்சு இன்னும் திரும்பவில்லை. மகள் பக்கத்துத் தமிழ்ப் பள்ளிக்குப் போகிறாள். துறைமுகத்துக்குப் போன அந்தப் பயணத்தைப் பற்றி அன்று கேட்ட ஒரு கேள்விக்கு மேல் அவள் ஒன்றும் கேட்டதில்லை. நானும் பதில் சொன்னதில்லை. என்ன சொல்வது? பயத்தில் இறங்கினேன் என்றா?

போன மாதம் ஒரு காலை, வாசல் பெருக்க வந்தபோது, முன்கம்பத்தில் ஒரு ரிப்பன் கட்டியிருப்பதைப் பார்த்தேன். மகளின் சிவப்புச் சடை ரிப்பன். தவறிப் போட்டுவிட்டாள் என்று நினைத்தேன். பின்பக்கம் போனால் கொல்லைக் கதவின் கம்பியில் அதன் ஜோடி. பிற்பகலில் அவள் பள்ளியிலிருந்து வந்து, முதலில் கொல்லைக்குப் போய் அதை அவிழ்த்தாள், பிறகு முன்னால் வந்து இதை. பையில் போட்டுக்கொண்டாள். மறுநாள் புறப்படும் முன் மறுபடி இரண்டையும் கட்டினாள். பள்ளிக்கு அவள் வெறும் சடையோடு போகிறாள்.

ஒரு நாள் கேட்டேன், "என்னடி அது?"

"நீ உள்ள இருக்கேல்ல" என்றாள். பை வாரை மாட்டிக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள்.

பக்கத்து வீட்டுக்காரி கேலி செய்கிறாள், "என்னாக்கா, வாசல்ல ரிப்பன் கட்டி வச்சிருக்கீங்க, கவர்னர் வராரா" என்று. மழையிலும் யார்டுக் கரியிலும் அந்த ரிப்பன்கள் அழுக்காகிவிட்டன. நேற்று துணி ஊற வைத்திருந்தேன், சோப்பு நுரை கையில் இருந்தது. முன்கம்பம் வரை போய்விட்டேன். நின்றேன். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, உள்ளே வந்து உட்கார்ந்தேன். அவள் வர இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது.